இருவாச்சி ஏலத்தில் எடுத்த பொந்து

தை மாதம் எட்டாம் நாள், காலை வெயில் ஏறும் நேரம். மலைக்காடு ஒன்றில் ஒன்பது பேர் கூடிய ஏலத்தில், பொன்னலகன் என்னும் இருவாச்சிப் பறவை ஒரு மரப்பொந்தை எடுத்தது.

பொந்து மரநாயினுடையது. அது பழவரி கட்டாததால் காட்டரசு பொந்தை ஏலம் விட்டது. விலை நாற்பது அத்திப்பழம். வெளியில் கேட்டால் இருநூறுக்குக் குறையாது.

பொன்னலகனுக்கு அவசரம். அதன் பழைய மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. மனைவி முட்டையிடும் நாளும் நெருங்கிவிட்டது.

வேடிக்கை பார்க்க வந்த மலையணில் கேட்டது: "அண்ணே, இந்தப் பொந்து வருஷா வருஷம் ஏலத்துக்கு வருகிறதே, ஏன் என்று விசாரித்தீர்களா?"

"ஏலத்தில் ஒரு பழம்கூடக் கேட்காதவன் எனக்கு யோசனை சொல்ல வந்துவிட்டாயா?" என்று பொன்னலகன் பறந்துவிட்டது.

குழந்தைகளே, இருவாச்சிகளின் வழக்கம் ஒன்று உண்டு. பெண் பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண் ஊட்டுவதுதான் உணவு.

அப்படியே நடந்தது. மூன்று நாள் இருவரும் பொந்திலிருந்த குப்பையை அள்ளினார்கள். பிறகு வாசல் அடைபட்டது. உள்ளே இரண்டு முட்டைகள்.

ஏலம் முடிந்த இருபத்தொன்பதாம் நாள் ஏல அதிகாரியான கருமந்திக் குரங்கு, மரநாயோடு வந்தது.

"இவர் பாக்கியைக் கட்டிவிட்டார். ஏலம் முடிந்து முப்பது நாளுக்குள் மீட்க இவருக்கு உரிமை உண்டு. காலி செய்."

"ஏலத்தன்று இதைச் சொல்லவில்லையே, ஐயா?"

"அறிவிப்பில் இருக்கிறது."

"அறிவிப்பு எங்கே?"

"மரத்தின் பின்பக்கம். நீ முன்பக்கமாக வந்தாய்."

"என் மனைவிக்குப் பறக்க இறகு இல்லை. இரண்டு மாதம் பொறுங்கள்."

"அது உன் வீட்டு விஷயம்."

மரநாய் வாசலைத் தடவிப் பார்த்தது. "நல்ல பூச்சு, தம்பி. போன வருஷம் வந்தவன் இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை."

"முட்டைகளையாவது கொடுங்கள்," என்றது பொன்னலகன்.

"இடத்தோடு இருப்பது இடத்துக்காரருக்கு," என்றது கருமந்தி. அதுவும் அறிவிப்பில் இருந்ததாம்.

பொன்னலகன் தன் அலகாலேயே வாசலின் சேற்றுப் பூச்சை உடைத்தது. மனைவி மரத்தைப் பற்றிப் பற்றி இறங்கி, ஒரு தாழ்ந்த கிளையில் ஒடுங்கியது. "என்னங்க, உள்ளே இன்னும் சூடாகத்தான் இருக்கிறது," என்று மட்டும் சொன்னது. மரநாய் உள்ளே போனது.

நாற்பது பழமும் திரும்பக் கிடைத்தது. எல்லாம் ஒரு மாதத்துப் பழம், அழுகியிருந்தது.

பங்குனி முதல் நாள், வரி வசூலில் முதலிடம் பிடித்ததற்காகக் கருமந்திக்குக் காட்டரசர் பதவி உயர்வு கொடுத்தார்.

நீதி: வரி பாக்கிக்கு ஏலம் போன இடம், பழைய சொந்தக்காரர் மீட்கும் கெடு தீரும்வரை உன்னுடையதல்ல; அதற்குள் அங்கே குடி போகாதே.