உள்ளே இருக்கும் காற்று

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கோமதிநாயகத்தின் ஹார்டுவேர் கடையைத் தெரியாதவர் இல்லை. அவருடைய கோபத்தைத் தெரியாதவரும் இல்லை. பேரம் பேச வந்தவர் அவர் முகத்தைப் பார்த்ததும் பாதிப் படியிலேயே திரும்பிவிடுவார்.

ஐம்பது வயதில் நெஞ்சு வலி வந்தது. "மூச்ச அடக்கி, அமைதியா இருக்கிற மாதிரி ஏதாவது பழகுங்க" என்றார் டாக்டர். அவர் தியானத்தை மனதில் வைத்துச் சொன்னார். கோமதிநாயகம் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினார்.

"எதுக்கு அத்தான்? கோயில் கொடைல பலூன் சுடவா?" என்று சிரித்தான் மைத்துனன் சுடலைமுத்து. மார்க்கெட்டே சிரித்தது.

ஆனால் கை நன்றாக நின்றது. கண்ணும் நன்றாக இருந்தது. மூத்தோர் பிரிவில் மாநிலப் போட்டி வரை போனார். அங்கே முன்னணியில் இருந்தபோது ஒரு குண்டு நடுவிலிருக்கும் பத்தை விட்டு விலகி ஒன்பதுக்குப் போயிற்று. அவ்வளவுதான். துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே சடாரென்று திரும்பினார். அதன் வாய் பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் போய் வந்தது. போட்டியைக் கண்காணித்த ரேஞ்ச் ஆபீசர் அவரை வெளியே அனுப்பினார். ஊர் திரும்பியபோது அவரைப் பழக்கிய கோச்சும் கையைக் கூப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் மேலப்பாளையம் சுடுதளத்தில் பயிற்சி தரும் ஆபிதாவைத் தேடிப் போனார். ஆபிதாவுக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் அந்தச் சுடுதளத்தில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"டீச்சர், நான் ஜெயிக்கணும். என்ன செய்யணும்?"

"சிலிண்டர்ல காத்து நிரப்புங்க அண்ணாச்சி."

இதில் என்ன இருக்கிறது? துப்பாக்கியின் சின்ன சிலிண்டரைப் பெரிய சிலிண்டரோடு மாட்டினார். வால்வை ஒரே திருகாகத் திருகினார். காற்று சீறிக்கொண்டு போயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் மீட்டர் முள் இருநூறில் நின்றது.

"முடிஞ்சுது டீச்சர்."

"தொட்டுப் பாருங்க."

"சுடுதே!"

"அப்படியே இருக்கட்டும். இந்த இலக்குத் தாளையெல்லாம் அடுக்கி வைங்க."

அடுக்கி முடித்துவிட்டு வந்து பார்த்தார். முள் இறங்கியிருந்தது.

"யாரு தொறந்துவிட்டா?"

"யாரும் தொறக்கல."

"அப்ப லீக்கு."

"லீக்கும் இல்ல அண்ணாச்சி. சூடு ஆறிட்டு. உள்ள இருந்தது இவ்வளவுதான்."

மறுநாள் கோமதிநாயகம் வால்வைத் திறந்தபோது காற்று போகிற சத்தமே கேட்கவில்லை. முள் நத்தை மாதிரி ஏறியது. ஆபிதா இலக்கைக் காட்டினார்.

சுடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுற்றும் சுட்டு முடித்ததும் குண்டு போடும் இடத்தை மூடும் போல்ட்டைத் திறக்க வேண்டும். குழல் முழுக்க ஓடி வெளியே தலைகாட்டும் ஆரஞ்சு நிறக் கயிற்றைச் செருக வேண்டும். குழலில் கயிறு இருந்தால் உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கி மேசையில் இருந்தாலும் அதன் வாய் இலக்கைத்தான் பார்க்க வேண்டும். கோமதிநாயகத்துக்கு இது சலித்துப்போயிற்று.

ஒருநாள் சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். கயிறு செருகாத துப்பாக்கியைத் தோளில் சாய்க்கப் போனார்.

"அண்ணாச்சி, கயிறு?"

"சிலிண்டரே மேசைல கெடக்கு டீச்சர். காத்தில்லாம இது வெறும் குழாய்."

"நல்லாத் தெரியுமா?"

"நான் குழாய் விக்கிறவன்லா!"

"அப்ப அத இலக்கப் பாத்துப் பிடிங்க. டிரிகர இழுங்க."

இழுத்தார். 'டப்' என்றது. பத்து மீட்டர் தள்ளித் தாளில் ஓர் ஓட்டை விழுந்தது.

கோமதிநாயகம் மேசையில் கிடந்த சிலிண்டரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சிலிண்டரைக் கழற்றினாலும் ஒரு குண்டுக்கான காற்று துப்பாக்கியின் உள்ளறையில் தங்கியிருக்கும். குழலில் குண்டு இருந்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

"காத்து இல்லாம இதை யாரு சுட்டா டீச்சர்?"

"நீங்கதான் அண்ணாச்சி."

அன்று அவர் வீட்டுக்கு நடந்தே போனார். போன வருஷப் போட்டியில் தன் பக்கத்தில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அதன் பிறகு கயிற்றைப் பற்றி யாரும் அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாநிலப் போட்டி திருச்சியில் நடந்தது. சுடலைமுத்துவும் வந்திருந்தான். "அத்தான் இந்தத் தடவை யாரச் சுடப் போறாருன்னு பாக்கணும்லா" என்றான். பார்வையாளர் வரிசையில் ஆபிதாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

பக்கத்துத் தடத்தில் நாகர்கோவில் ரசல்ராஜ். போன வருஷம் பட்டம் வாங்கியவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடாமல் துரத்தினார்கள். திரையில் பெயர்கள் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தன. கடைசிச் சுற்று தொடங்கும்போது கோமதிநாயகத்தின் பெயர் மேலே இருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய சீறல். பாம்புக் குட்டி ஒன்று காதருகே மூச்சு விடுவதுபோல. சிலிண்டர் துப்பாக்கியோடு சேரும் இடத்திலிருந்து வந்தது. மீட்டர் முள் கண்ணெதிரே இறங்கியது.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று தீர்வதற்குள் சுட்டுத் தள்ளிவிடு என்றது ஒரு மனசு. ஒரு கையால் பிடித்து இறுக்கித் திருகு என்றது இன்னொன்று. பின்னாலிருந்து சுடலைமுத்து, "அத்தான்! சீக்கிரம்!" என்று கத்திவிட்டான்.

கோமதிநாயகம் மூச்சை விட்டார்.

போல்ட்டைத் திறந்தார். கண்ணால் பார்த்தார். குண்டு இல்லை. கயிற்றைச் செருகினார். துப்பாக்கியை, வாய் இலக்கைப் பார்க்க, மேசையில் வைத்தார். கையை உயர்த்தினார்.

"சிலிண்டர் மூட்டுல காத்து லீக் ஆகுது சார்" என்றார் வந்து நின்ற ரேஞ்ச் ஆபீசரிடம். "கழத்திட்டு, மிச்சக் காத்த இலக்கப் பாத்து விட்டுடறேன்."

"செய்யுங்க. ஆனா ஒங்க துப்பாக்கிப் பழுதுக்கு நேரம் கூட்டித் தர முடியாது."

"தெரியும் சார்."

சிலிண்டரைக் கழற்றினார். கயிற்றை எடுத்துவிட்டு, இலக்கைக் குறிபார்த்து வெறுமனே டிரிகரை இழுத்தார். 'டப்'. மறுபடி இழுத்தார். இப்போது சத்தம் இல்லை. கயிற்றைத் திரும்பச் செருகினார். பழுதுபார்க்கும் மேசைக்கு நடந்தார். நடந்தாரே தவிர ஓடவில்லை.

மூட்டிலிருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. பையில் புது வளையம் இருந்தது. அதற்குள் தன் சுற்றுகளை முடித்துவிட்ட ரசல்ராஜ் அருகே வந்து நின்றார். நல்ல மனிதர்.

"இந்தா ஓய், மெஷின் ஆயில். ரெண்டு சொட்டு விட்டா வளையம் வழுக்கிட்டு உள்ள போவும்."

"வேண்டாம் ஓய். இவ்வளவு பிரஷர்ல ஆயில் பட்டா தீப்பிடிச்சு வெடிக்கும். ஒம்ம துப்பாக்கிக்கும் விட்டுறாதீரும்."

ரசல்ராஜ் கையிலிருந்த புட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார். கோமதிநாயகம் விரல் நுனியில் சிலிக்கான் கிரீஸை ஒரு கடுகளவு எடுத்தார். வளையத்தில் தடவி மாட்டினார். சிலிண்டரைக் கையாலேயே திருகினார். அது சேரும் இடத்தைக் காதருகே கொண்டுபோனார். அமைதி. முள்ளும் நின்ற இடத்தில் நின்றது.

தன் தடத்துக்குத் திரும்பி வரும்போது பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். சுடலைமுத்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஆபிதாவின் நாற்காலி காலி.

அவருக்குச் சுருக்கென்றது. டீச்சரும் கைவிட்டுவிட்டாரா?

அரங்கில் மற்ற தடங்களெல்லாம் ஓய்ந்திருந்தன. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். திரையில் ரசல்ராஜின் பெயருக்கு நேரே முடிந்த கணக்கு நின்றது. மீதி நேரம் கொஞ்சம். மீதி குண்டுகள் நிறைய.

கயிற்றை எடுத்தார். குண்டைப் போட்டார். மூச்சை இழுத்து, பாதியை விட்டு, நிறுத்தினார். பத்து.

அடுத்தது. பத்து. அடுத்தது. ஒன்பதும் சொச்சமும். போன வருஷம் அவரைச் சீற வைத்த அதே ஒன்பது. இப்போது அவர் போல்ட்டைத் திறந்து அடுத்த குண்டை எடுத்தார். பத்து. பத்து. கடிகாரம் தன் வேலையைப் பார்த்தது. அவர் தன் வேலையைப் பார்த்தார்.

கடைசிக் குண்டு. ரசல்ராஜைத் தாண்டப் பத்து மட்டும் போதாது. பத்தின் நடுப்புள்ளி வேண்டும். துப்பாக்கியைத் தூக்கினார். கை சரியாக அமையவில்லை. நேரம் கரைந்துகொண்டிருந்தது. அரங்கில் யாரோ 'ஐயோ' என்றார்கள். கோமதிநாயகம் துப்பாக்கியை இறக்கினார். ஒரு முழு மூச்சு விட்டார். மறுபடி தூக்கினார்.

'டப்.'

திரையில் புள்ளி நடுவில் விழுந்தது. நேரம் முடிந்ததற்கான மணி அதன் பிறகே அடித்தது.

கோமதிநாயகத்தின் பெயர் மேலே ஏறியது. ரசல்ராஜின் பெயர் ஒரு மயிரிழையில் கீழே இறங்கியது. அரங்கு எழுந்து கைதட்டியது. "எங்க அத்தான்லே! பாளையங்கோட்டைலே!" என்று சுடலைமுத்து நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். ரசல்ராஜே முதலில் வந்து தோளைத் தட்டினார்.

கோமதிநாயகம் போல்ட்டைத் திறந்தார். கயிற்றைச் செருகினார். ஆபீசர் வந்து பார்த்துத் தலையசைத்தார். அதன் பிறகுதான் அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டீச்சரைத் தேடினார். ஆபிதா கான்டீன் வாசலில் நின்றிருந்தார்.

"டீச்சர், ஜெயிச்சுட்டேன்!"

"சத்தம் கேட்டுது அண்ணாச்சி. சுடலைமுத்து அண்ணன் தொண்டை திருநெல்வேலிக்கே கேட்டிருக்கும்."

"ஆனா நான் திரும்பிப் பாத்தேன், ஒங்க நாற்காலி காலியா கெடந்துது. துப்பாக்கி லீக் ஆவுது, நேரம் போவுது, தோக்கப் போறேன். அந்த நேரத்துல எங்க போனீங்க?"

ஆபிதா அவரைப் பார்த்தார்.

"சீறுற துப்பாக்கிய நீங்க அலுங்காமக் கீழ வச்சதப் பாத்தேன் அண்ணாச்சி. சரி, ஆட்டம் முடிஞ்சுட்டுன்னு டீ குடிக்க வந்துட்டேன்."