ஒற்றைத் தும்மலும் அரண்மனைப் பூனையும்

ஒரு தும்மல் ஒரு ராஜ்ஜியத்தையே உட்கார வைக்குமா? தேன்கரை நாட்டில் வைத்தது.

அந்நாட்டு மன்னர் பராங்குசருக்குப் புலியைக் கண்டால் பயமில்லை, சகுனத்தைக் கண்டால்தான் பயம். காரியம் தொடங்கும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால் போச்சு. அப்படியே உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகுதான் மறுபடி தொடங்குவார். அவருடைய ஒரே மகள் அல்லிக்கு ஆறு வயது. சபையில் அப்பாவின் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் மடியில் தளவாய் படுத்திருக்கும். தளவாய் என்றதும் படைத்தலைவரை நினைக்காதீர்கள், அது ஒரு கொழுத்த வெள்ளைப் பூனை.

பூனை ரோமம் அல்லிக்கு ஒத்துக்கொள்ளாது. மன்னர் ஓலையில் கையெழுத்துப் போட எழுத்தாணியை எடுப்பார். "அச்." கீழே வைப்பார், தண்ணீர் குடிப்பார், மறுபடி எடுப்பார். "அச்." மத்தியானத்துக்குள் மன்னரின் வயிறு தண்ணீர்க் குடமாகிவிடும். ஓலை வெறுமையாகவே கிடக்கும்.

அரண்மனை வைத்தியர் சிகாமணிப் பண்டிதர் சும்மா இருந்தாரா? தூதுவளைக் கஷாயம் கொடுத்தார். ஆடாதொடைச் சாறு கொடுத்தார். நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, குழந்தையைப் போர்வைக்குள் தள்ளி ஆவி பிடிக்கச் சொன்னார். மஞ்சளைச் சுட்டு மூக்கில் புகை காட்டினார். பாவம், குழந்தைக்கு மூக்கு சிவந்தது, நாக்கு கசந்தது, தும்மல் மட்டும் போன பாடில்லை. "நிலவேம்பு இன்னும் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்" என்பார் பண்டிதர். கூட்டிக் கூட்டி, கடைசியில் வாசல் காவலர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

சபையில் ஆவுடையப்பன் என்று ஒருவன் இருந்தான். வாய்ச் சாமர்த்தியத்துக்கே சம்பளம் வாங்குகிறவன். கஷாயக் கிண்ணத்தைக் கண்டு அல்லி அழுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வாயை விட்டான்.

"பண்டிதரே, இந்தக் கஷாயத்தை நீர் குடித்துப் பார்த்ததுண்டா?"

"மருந்து நோயாளிக்கு. வைத்தியனுக்கு எதற்கு?" என்ற பண்டிதர் மன்னரிடம் திரும்பினார். "மருந்தில் குறையில்லை மகாராஜா. பூனையை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டியதுதான்."

அல்லி பூனையைக் கட்டிக்கொண்டாள். "தளவாய் போனா நானும் போவேன். சோறும் சாப்பிட மாட்டேன்."

மன்னருக்கு மகளும் வேண்டும், சகுனமும் வேண்டும். கோபம் ஆவுடையப்பன் மேல் பாய்ந்தது. "வைத்தியரைக் கேலி செய்யத் தெரிகிறதல்லவா? பௌர்ணமியன்று அண்டை நாட்டுத் தூதர்கள் முன்னால் நான் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். பூனையும் மடியில் இருக்க வேண்டும், இவள் தும்மவும் கூடாது. தும்மினால் பூனையோடு நீயும் அக்கரைக்குப் படகேறு."

படகு என்றதும் ஆவுடையப்பன் இரண்டடி பின்வாங்கினான். அக்கரையில்தான் அவன் மாமியார் வீடு.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "மகாராஜா, பண்டிதரின் மூலிகைகள் அத்தனையும் அருமை. ஆள்தான் மாறிப்போயிற்று. திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைக் கட்டி அடிக்கலாமா? நொச்சியும் வேம்பும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பூனையைத்தான் குளிப்பாட்ட வேண்டும். உதிர்கிற ரோமத்தை வாரி எடுக்க வேண்டும். குழந்தையின் மெத்தைப் பக்கம் அதை விடக்கூடாது."

"யார் செய்வது?" என்றார் மன்னர்.

"இதென்ன கேள்வி? பண்டிதரின் கைராசி நாடறிந்தது. வேறு கை பட்டால் மூலிகை பலிக்குமா?"

கைராசி என்றதும் பண்டிதரின் முகம் மலர்ந்துவிட்டது. தலையை ஆட்டிய பிறகுதான் எந்த வேலைக்கு ஆட்டினோம் என்று அவருக்கு உறைத்தது.

அதன்பின் தினமும் காலையில் கிணற்றடியில் ஒரே யுத்தம். பண்டிதரின் கையெல்லாம் கீறல், தாடியெல்லாம் வெள்ளை ரோமம். எது அவருடையது, எது பூனையுடையது என்று அவர் மனைவிக்கே தெரியவில்லை. அல்லி தள்ளி நின்று கைகொட்டிச் சிரித்தாள்.

பௌர்ணமி வந்தது. தூதர்கள் வந்தார்கள். பூனை பளபளவென்று அல்லியின் மடியில் படுத்திருந்தது. மன்னர் எழுத்தாணியை எடுத்தார். அல்லியின் மூக்கு லேசாகத் துடித்தது. ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கண்ணுக்குள் மாமியார் தெரிந்தாள்.

"அச்."

கண்ணைத் திறந்தான். அல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். தும்மியது பண்டிதர்.

மன்னர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "பண்டிதருக்குக் கஷாயம் கொண்டுவாருங்கள். அல்லிக்குக் காய்ச்சியது அண்டா நிறைய இருக்கிறது."

பண்டிதர் இரண்டு கைகளாலும் மறுத்தார். "வேண்டாம் மகாராஜா. அந்தக் கஷாயத்துக்கு இந்தத் தும்மல் நிற்காது."

மன்னரின் மீசை துடித்தது. "தெரிந்துதான் என் குழந்தை வாயில் ஊற்றினீரா?"

பதில் சொல்லப் பண்டிதர் வாயைத் திறந்தார். வந்தது இன்னொரு "அச்".

சேவகன் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தான். ஆவுடையப்பன் அவனை மறித்தான்.

"தண்ணீர் எதற்கு? ஒற்றைத் தும்மல்தானே ஆகாது? இரட்டைத் தும்மல் சுபசகுனம். மகாராஜா, கையெழுத்தைப் போடுங்கள். பண்டிதர் இன்றைக்குத்தான் அளவு சரியாகக் கொடுத்திருக்கிறார்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் கையெழுத்து கோணிப்போயிற்று. கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். பூனை அல்லியிடமே இருக்கட்டும் என்றார். பண்டிதரையும் அவர் மறக்கவில்லை. அண்டாக் கஷாயம் முழுவதையும் அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.