வாகை மரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு

குளக்கரையை ஒட்டிய காட்டில் வெள்ளாயி என்ற முயல் குடியிருந்தாள். அவளுக்கு ஒரு வளை, மூன்று குட்டிகள், ஐந்து பாத்தி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தோட்டத்து மூலையில், வளைக்குப் பக்கத்திலேயே ஒரு வாகை மரம்.

மரம்தான் தொல்லை. வேரில் பாதி உளுத்துப்போய், ஆடிக் காற்றில் வளைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஐப்பசி மழை தொடங்கினால் விழும். விழுந்தால் வளை அமுங்கும். குட்டிகள் உள்ளே இருக்கும். வேறு வளை தோண்டலாம் என்றால் கரையெல்லாம் பாறை. வெள்ளாயி ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. கோடை முழுக்கத் தனியாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த கிழங்கு இப்போதுதான் முற்றியிருந்தது. மழைக்காலம் முழுவதும் நான்கு வயிற்றுக்கும் அதுதான்.

முதலில் சடையன் என்ற முள்ளம்பன்றியைக் கூப்பிட்டாள். மரம் அறுப்பதில் அவனுக்கு நல்ல பெயர். அவன் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தான். பட்டையைக் கடித்துப் பார்த்துத் துப்பினான். முதலில் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும், பிறகுதான் அடிமரத்தில் பல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைமேலேயே சாயும், நான்கு நாள் ஆகும் என்றான்.

"கூலி?" என்று கேட்டாள் வெள்ளாயி.

"ரெண்டு பாத்திக் கிழங்கு."

அவளுக்குக் காது இரண்டும் தொங்கிவிட்டன. ஐந்தில் இரண்டா என்று கெஞ்சினாள். தன் பல் உடைந்தால் யார் பல் கொடுப்பார்கள் என்று அவன் கேட்டான். அப்புறம் குட்டிகளைப் பார்த்துவிட்டு, ஒன்றரைப் பாத்திக்கு இறங்கினான். யோசித்துச் சொல்வதாக அவள் சொல்லி அனுப்பினாள். வேண்டாம் என்பதை அந்தக் காட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் கொம்பன் என்ற யானை குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தான். வெள்ளாயி தயங்கித் தயங்கி அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் மரத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"இதுக்குப் போய் கூலியா, தாயி? ஒரு தள்ளு. ஒரு வேளைச் சாப்பாடு போடு, போதும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று குட்டிகளிடம் சொன்னாள். ஒரு வேளைச் சாப்பாடு என்றால் அவள் வீட்டில் ஆளுக்கு ஒரு கிழங்கு. வருபவர் பெரியவர் என்பதால் பத்தாகத் தோண்டி, மண் போகக் கழுவி, தேக்கு இலையில் அடுக்கினாள்.

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது. "யானைக்கு விருந்து வைக்கிற முயலை இன்னைக்குத்தான் பாக்குறேன், வெள்ளாயி" என்றது. அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டாள்.

கொம்பன் சொன்னபடி செய்தான். நெற்றியை மரத்தில் பதித்து ஒரே தள்ளு. வாகை வேரோடு பெயர்ந்து, வளைக்கு எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. குட்டிகள் கூச்சலிட்டுக் குதித்தன. வெள்ளாயி இலையைக் காட்டினாள்.

அவன் பத்தையும் ஒரே சுருட்டில் வாயில் போட்டுக்கொண்டான். பிறகு பந்தியில் அடுத்த கறிக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு முதல் பாத்திக்குள் தும்பிக்கையை விட்டான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்தவர் சாப்பிடும்போது, அவராகப் போதும் என்று சொல்லும்வரை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது. தடுத்தால் அந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். வளை தோண்ட வந்த எலிகளுக்கு வெள்ளாயியும் அப்படித்தான் போட்டிருக்கிறாள். எலிகள் சீக்கிரமே போதும் என்றுவிட்டன.

இரண்டாம் பாத்தி போனது. மூன்றாவதில் கிழங்கோடு கொடியும் போனது. நான்காவதின் நடுவில்தான் அவளுக்குக் குரல் வந்தது.

"அண்ணே, ஒரு வேளைன்னுதானே சொன்னீங்க?"

கொம்பன் மெல்வதை நிறுத்தினான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு வேளைதான், தாயி. இன்னும் அரை வயிறுகூட ஆகலையே."

ஐந்தாவதையும் முடித்த பிறகு, மீதியை வழியில் மூங்கிலில் பார்த்துக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு அவன் நடந்தான். அவன்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. சொன்ன வேலையைச் செய்தான். கேட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

எட்டாம் நாள் மழை பிடித்தது. வளை அசையவில்லை, உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. குட்டிகள் பசிக்கிறது என்றன. வெள்ளாயி நனைந்துகொண்டே வெளியே போய், சேற்றில் மிதிபட்டு அமுங்கிக் கிடந்த கிழங்குத் துண்டுகளைத் தேடினாள். மூன்றுதான் கிடைத்தன. தனக்குப் பசியில்லை என்று குட்டிகளிடம் சொன்னாள்.

கூலியே வேண்டாம் என்பவரிடம்தான் கூலி எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.