துண்டுகள் உண்ட பந்தி

குழல்வாய்மொழி அம்மையின் மடம் ஆற்றுக்கு வடகரையில் இருந்தது என்று சிலர் சொல்வர். தென்கரை என்போரும் உண்டு. அன்றைய பாயசம் பாசிப்பருப்பா, பச்சரிசியா என்பதிலும் வழக்கு தீரவில்லை. துண்டுகளைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள்.

அந்த ஊரில் சபைக்குப் போக விருப்பமில்லாதவர் தம் துண்டை அனுப்புவது வழக்கம். மண்டபத்தில் அவருடைய இடத்தில் துண்டு விரிந்திருந்தால் ஆள் வந்ததாகக் கொள்ளப்படும். துண்டு மறுப்புச் சொல்லாதவரை, சபையில் வாசித்ததற்கெல்லாம் துண்டுக்கு உடையவர் சம்மதித்ததாகவும் கொள்ளப்படும்.

குருபூசையன்று காலையில் பூட்டுச் செய்யும் பிச்சாண்டி ஆசாரி மடத்துக்கு வந்தார். அவர் அம்மையின் சீடர். வயதில் அம்மைக்கு மூத்தவர். தோளிலும் கழுத்திலும் துண்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கின. முகம் பாதிதான் தெரிந்தது.

"குளிர்காய்ச்சலா, ஆசாரியாரே?" என்றார் அம்மை.

"ஆள் திரட்டப் போனேன், அம்மா. துண்டு திரண்டது."

"எதற்கு ஆள்?"

"நாட்டிலுள்ள எல்லாப் பூட்டுகளும் கோட்டையில் இருக்கும் ஒரே சாவிக்குத் திறக்க வேண்டுமாம். போன சந்தையன்று அதிகாரி வந்து ஆணையை வாசித்தார். நான் ஒருவன் எழுந்து மறுத்தேன். மற்ற இடமெல்லாம் துண்டு. இன்று பிற்பகல் இரண்டாம் வாசிப்பு. இன்றும் ஊர் மறுக்காவிட்டால் அது சட்டம்."

"சட்டமானால்?"

"கண்டவர் சாவிக்குத் திறப்பதைப் பூட்டு என்று சொல்லி நான் விற்கமாட்டேன். அப்படிச் செய்யாதவனின் பட்டறையை இடித்து, அவனை ஊரைவிட்டு அனுப்புவார்களாம்."

"ஊரார் என்ன சொல்கிறார்கள்?"

"வெயிலுகந்த பிள்ளை, 'என் பெட்டியில் என்ன இருக்கிறது, ஓய்? பழைய வேட்டி. பார்த்து மகிழட்டுமே' என்றார். எண்ணெய் விற்கும் சங்கிலியார், 'என் சாவி அடிக்கடி தொலைகிறது. கோட்டையில் ஒன்று இருந்தால் நல்லதுதானே' என்றார். பேசி முடித்ததும் இருவருமே, 'மண்டபத்துக்குத்தானே போகிறீர், இதையும் விரித்துவிடும்' என்று துண்டைத் தோளில் போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு இதே கதை. இந்த ஊரை எப்படி எழுப்புவது, அம்மா?"

"துண்டுகளைக் கொண்டுபோய் விரியும்."

"மண்டபத்திலா?"

"பந்தியில். ஒரு துண்டுக்கு ஓர் இலை."

பிச்சாண்டி ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மை அதற்குள் சமையற்கட்டுக்குப் போய்விட்டார்.

குருபூசைச் சோற்றுக்கு மட்டும் அந்த ஊரில் யாரும் துண்டை அனுப்புவதில்லை. உச்சிவேளைக்கு எல்லோரும் நேரிலேயே வந்தனர். பந்தி நடந்துகொண்டிருந்தது. இலைகளின் முன் துண்டுகள் வரிசையாக அமர்ந்திருந்தன. பருப்பும் நெய்யும் அவியலும் பரிமாறப்பட்டிருந்தன.

"அந்தச் சிவப்புக்கரை என் துண்டு!" என்றார் பிள்ளை.

"ஆமாம், பிள்ளைவாள் காலையிலேயே வந்துவிட்டார்," என்றார் அம்மை. "ஆசாரியாரே, பிள்ளைவாளுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம்."

பிச்சாண்டி ஊற்றினார். பாயசம் இலையைத் தாண்டித் துண்டில் ஏறியது.

"போதும், போதும்! துண்டு நனைகிறது!"

"துண்டு அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. மறுப்பில்லை. இன்னும் ஊற்றும்."

"ஆள் நான் இங்கே நிற்கிறேன், தாயே!"

"நீர் யாரோ? பிள்ளைவாள் அதோ உண்டுகொண்டிருக்கிறார்."

சங்கிலியார் தம் துண்டை இழுக்கப் பார்த்தார். "பந்தியில் இருப்பவரை எழுப்பலாமா?" என்று பிச்சாண்டி கரண்டியால் தடுத்தார். ஊரார் கூச்சலிட்டனர். பந்தி முடிந்துவிட்டது என்று சொல்லி அம்மை கதவைச் சாத்தினார்.

அந்த ஊரில் மடத்தின் மேல் யாரும் அதற்குமுன் வழக்குத் தொடுத்ததில்லை. அன்று ஊரே திரண்டு வழக்குத் தொடுக்கப் போனது. போன இடம் சபை மண்டபம். பிச்சாண்டியும் பின்னாலேயே ஓடினார்.

அதிகாரி அப்போதுதான் ஓலையைப் பிரித்திருந்தார். துண்டுகளுக்கு வாசித்துப் பழகியவர் அவர். இத்தனை வாய்களை ஒன்றாகக் கண்டதும் அவருக்கு வேர்த்தது.

"எங்கள் சோறு..." என்று தொடங்கினார் பிள்ளை.

"முதலில் ஆணை," என்று அதிகாரி ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். "யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே மறுப்பில்லை..."

"யார் சொன்னது மறுப்பில்லை என்று?" பிள்ளை துள்ளி எழுந்தார். "மடத்திலும் இதையேதான் கேட்டேன்! மறுப்பு உண்டு!"

"எதற்கு மறுப்பு?"

"எல்லாவற்றுக்கும்!"

"என் பெட்டியை நான்தான் திறப்பேன்," என்றார் சங்கிலியார். "சாவி தொலைந்தால் நானே உடைப்பேன். கோட்டைக்கு என்ன வந்தது?"

பசித்த ஊர் ஒரே குரலில் கத்தியது. அதிகாரி ஓலையைச் சுருட்டினார். "எல்லோருக்கும் வசதியான வேறொரு நாளில் வருகிறேன்," என்று சொல்லிப் பல்லக்கில் ஏறினார். போகிற வழியில் அவர் ஆற்றில் விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. அது பிற்காலத்தில் சேர்ந்ததாக இருக்கலாம்.

பிச்சாண்டி மடத்துக்கு ஓடிவந்தார்.

"அம்மா, ஊர் விழித்துக்கொண்டது!"

"ஊருக்குப் பசித்தது," என்றார் அம்மை. "இரண்டாம் பந்திக்கு இலை போடும்."

ஊரார் வந்து அமர்ந்தனர். அம்மை தம் கையாலேயே பரிமாறினார். பிள்ளை மூன்று முறை பாயசம் வாங்கினார். மெல்ல மெல்லப் பேச்சு அடங்கியது. சங்கிலியார் ஏப்பம் விட்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடினார்.

கடைசியாகப் பிச்சாண்டி அமர்ந்தார். அம்மை அவருக்கு ஒரு பிடி சோறு வைத்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"அம்மா, எனக்கு மட்டும் அரை வயிறா?"

அம்மை உறங்கும் ஊரை ஒருமுறை பார்த்தார்.

"அதிகாரி மறுபடி வரும்போது ஒருவருக்காவது பசி இருக்க வேண்டாமா?"