உசிலைக் கிளையில் ஒரு குட்டி

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆராவமுதன், தம்மினும் இருபது வயது இளையவரான வேதவல்லி அம்மையிடம் சீடராய்ச் சேர்ந்து பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன. முதல்நாள் துளசித் தோட்டத்துக்கு நீர் இறைக்கச் சொன்ன அம்மை, அதன்பின் ஒரு சொல்லும் உபதேசிக்கவில்லை. பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் விடியுமுன் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்துக்குப் புறப்பட்டார்.

போன வேகத்தில் ஓடோடித் திரும்பினார். கையில் ஒரு தேவாங்குக் குட்டி.

“அம்மா, எழுந்து வாருங்கள். மலையடி உசிலை மரத்தில் தனியே கிடந்தது. தாயைக் காணோம். விளக்கை அடித்தேன், கண்ணிரண்டும் தணலாய் எரிந்தன. நல்லவேளை, என் கண்ணில் பட்டது.”

குட்டி உள்ளங்கைக்குள் அடங்கியது. வாலில்லை, குச்சி போன்ற கைகால்கள். அவருடைய சுண்டுவிரலை இறுகப் பற்றியிருந்தது.

“கிடந்ததா, கிளையைப் பிடித்திருந்ததா?”

“பிடித்துத்தான் இருந்தது. பிரித்தெடுப்பதற்குள் வியர்த்துவிட்டது.”

“அவ்வளவு பாடுபட்டா திருடினீர்? தாய் இரை தேடப் போகையில் அங்கே விட்டுப் போயிருக்கிறாள். விடிவதற்குள் வந்து தேடுவாள். நடவும்.”

இருவரும் விரைந்தனர். அதே கிளையில் குட்டியை ஒட்டவைத்துவிட்டுப் புதரோரம் ஒதுங்கினர். கீழ்வானம் வெளுத்தது. எங்கோ ஒரு காகம் கரைந்தது.

“அம்மா, வெளிச்சம் வந்தால் காக்கை கொத்திவிடும்.”

“கொத்தும்.”

ஆராவமுதனின் வாய் சும்மா இருக்கவில்லை. “குரங்குக்குட்டி தாயைப் பற்றும். பூனைக்குட்டியைத் தாய் கவ்வும். இறைவனை அடைய அடியேன் படித்த நியாயங்கள் இவை இரண்டே. இது எதில் சேரும்?”

“குட்டியைக் கேளும். அது இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.”

சாலையில் பேருந்தின் ஒலி கேட்டது.

“உம்முடைய வண்டி,” என்றார் அம்மை.

“போகட்டும். அங்கே பாருங்கள், அம்மா, அங்கே.”

ஓர் இலையும் அசையவில்லை. ஒரு கையை வைத்து, பிறகு ஒரு காலை வைத்து, கிளையோடு கிளையாய்த் தாய் ஊர்ந்து வந்தது. குட்டி அப்போதுதான் கிளையை விட்டது. தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் இலைகளுக்குள் மறைந்தன.

ஆராவமுதன் பையைக் கீழே வைத்தார். நெடுநேரம் மேலேயே பார்த்திருந்தார்.

“தாய் திரும்பி வருமென்று அதற்கு எப்படித் தெரியும், அம்மா?”

“தெரியாது,” என்றார் அம்மை. “கிளையை விடாதிருக்கத் தெரியும்.”