பேர் வெட்டிய டம்ளர்கள்

பாத்திரக்கடை வாசலில் அமர்ந்து பெயர் வெட்டும் பட்டம்மாளிடம், அன்னதான அறக்கட்டளைத் தலைவர் வேதாசலம் இருநூறு எவர்சில்வர் டம்ளர்களை இறக்கினார். வெள்ளத்தின்போது நாற்பது நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றிய தொண்டர்களுக்கான பரிசு அது.

“எல்லாத்திலயும் என் பேரை வெட்டு.”

“வேலை செஞ்சவங்க பேருங்கய்யா?”

“அவங்களுக்குத்தான் டம்ளர் கிடைக்குதே. என் பேருக்கு மரியாதை வரணும். ஒருத்தர் வேணாம்னு சொன்னாலும் நீ இந்த வாசல்ல உட்கார முடியாது.”

“யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்கய்யா. அந்தப் பேருக்கு உள்ள மரியாதையைச் சரியாச் செய்வாங்க.”

விழாவில் அந்த டம்ளர்களிலேயே பாயசம் வழங்கப்பட்டது. பருகி முடித்த தொண்டர்கள் அவற்றைக் கழுவித் துடைத்து, ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, தலைவரின் காலடியில் வைத்து வணங்கிச் சென்றனர். டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் பட்டு ஒலித்தன. குவியல் அவர் முழங்காலைத் தொட்டது.

“யார் சொல்லி இப்படிச் செய்றீங்க?”

வெள்ளத்தின்போது முதல் கஞ்சி அண்டாவைக் கிளறிய பெண் பணிவாகச் சொன்னாள்: “யாரும் சொல்லலைங்க. வாங்கின பாத்திரத்தைப் பேர் பார்த்துத் திருப்பிக் குடுக்கிறதுதானே வழக்கம்.”

வேதாசலம் வீட்டுப் பாத்திரம் ஒருநாளும் இரவல் போனதில்லையாதலால், அவ்வழக்கத்தை அவர் அறிந்திருக்கவில்லை.

பட்டம்மாள் வெட்டும் கருவியோடு மேடையோரம் வந்து அமர்ந்தாள். “மறுபக்கம் வெறுமையாத்தான் விட்டிருக்கேங்கய்யா.”

அவர் குனிந்து ஒரு டம்ளரை எடுத்தார். அந்த நாற்பது நாளும் கேட்காததை முதன்முறையாக அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

“உங்க பேரென்னம்மா?”