இருபது நாள் அனுபவச் சான்று

புன்னையடி ஏரியில் உல்லாசப் பயணிகளைத் துடுப்புப் படகில் ஏற்றிப் பிழைத்தவள் அமலோற்பவம். அடுத்த மாதம் முதல் மோட்டார் படகுக்கு மட்டுமே அனுமதி என்று உத்தரவு வந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

படகுத்துறை அதிகாரி வேதமூர்த்தி அவள் மனுவைத் தள்ளிவிட்டார்.

"இருபது நாள் மோட்டார் படகு ஓட்டினதா அரசு அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்று வேணும்."

"லைசென்ஸ் இல்லாம ஓட்டலாமா ஐயா?"

"ஓட்டினா குற்றம்."

"அப்போ அனுபவம் எப்படி வரும்?"

"அது உன் பாடு. சட்டத்துக்குக் காது கிடையாது."

நாற்காலிக்குக் கொழுப்பு உண்டு என்பதை அவர் சொல்லவில்லை.

மறுநாள் அவள் படகுக்காரர் சங்கத்தின் மோட்டார் படகை எடுத்து, அவர் ஜன்னலுக்கு நேராக நுரை பறக்க ஓட்டினாள். குற்ற நோட்டீஸ் எழுதுவதென்றால் வேதமூர்த்திக்குப் பாயசம் குடிப்பது போல. தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் வைத்து நீட்டினார்.

"நாளைக்கும் வருவேங்க" என்று பணிவாக வாங்கிக்கொண்டாள். தினமும் வந்தாள். நோட்டீசும் தினமும் வந்தது.

இருபத்தோராம் நாள் அத்தனையையும் மேசையில் அடுக்கினாள்.

"என்னடி குப்பை இது?"

"அனுபவச் சான்றுங்க. நான் மோட்டார் படகு ஓட்டினேன்னு இருபது தடவை நீங்களே எழுதியிருக்கீங்க."

"இதெல்லாம் குற்றத்துக்குக் கொடுத்தது!"

"எழுதினது நெசம்னா லைசென்ஸ் கொடுங்க. பொய்னா, இருபது பொய் எழுதினேன்னு மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிடுங்க."

வேதமூர்த்தி வேர்த்து விறுவிறுத்துக் கையெழுத்திட்டார். அமலோற்பவம் லைசென்ஸை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்குப் பின்னால துடுப்புப் படகுக்காரங்க பதினேழு பேர் நிக்கிறாங்க ஐயா. நோட்டீஸ் புத்தகம் போதுமான்னு பாத்துக்குங்க."